பாரம்பரியமும் மூளை வளர்ச்சியும்: இரு குறைபாடுகள் உணர்த்துவன

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்று கூறும் அதே வாய், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்றும் கூறுகிறது. குணம் பிறப்பிலேயே அமைந்துவிடுகிறது என்பது முதற்பழமொழியின் கருத்து. இளமையில் வளைத்தால் வளையும் என்பது இரண்டாவதன் கருத்து. பள்ளி ஆசிரியர்களும், கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்களும் இவ்விரண்டுக்கும் இடையே நின்று நாள்தோறும் முடிவு செய்ய வேண்டியவர்களாயிருக்கின்றனர். பாடம் ஏறாத ஒரு சிறுவனைச் சுட்டி, "அவன் தகப்பனும் இப்படித்தான்" என்று ஒருவர் கூறிவிட்டால், அதன்பின் அச்சிறுவனுக்காக எவரும் பிரயாசைப்படுவதில்லை. ஆகவே இது வெறும் தத்துவ விசாரணையன்று. தக்க காலத்தில் ஒரு குழந்தைக்குச் சிகிச்சை கிடைக்குமா, கிடைக்காதா என்பது பல சமயங்களில் இதைப் பொறுத்தே இருக்கிறது.

மனித உடலிலுள்ள பெரும்பாலான உயிரணுக்களில் 46 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் 23 தாயிடமிருந்தும், 23 தந்தையிடமிருந்தும் வருவன. புரதங்களை உண்டாக்குவதற்கான குறிப்புகளைத் தாங்கிய ஜீன்கள் அவற்றில் ஏறக்குறைய 20,000 உண்டு. ஜீன் ஒன்று நேரடியாகக் கோபத்தையோ பொறுமையையோ, நாணயத்தையோ திருட்டையோ உண்டாக்குவதில்லை. ஒரு புரதத்தை எவ்வாறு தொடுப்பது என்பதே அது அறிந்த வித்தை. அப்புரதம் உயிரணுவில் ஒரு வேலையைச் செய்கிறது. மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் அத்தகைய எண்ணிறந்த வேலைகளின் பயனாக வளர்ந்து ஒன்றோடொன்று இணைகின்றன. அவ்விணைப்புகளின் வழியே கற்றலும் நடத்தையும் தோன்றுகின்றன. அந்நடத்தையைக் கண்டு சமூகம் ஒருவனை அறிவாளி என்றோ, மூடன் என்றோ, முரடன் என்றோ பெயரிடுகிறது. ஜீனிலிருந்து பெயர் வரை நீளும் இச்சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் தெளிவாகத் தெரிந்த உதாரணங்கள் மிகச் சிலவே. அவற்றுள் தலைசிறந்தது பீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறைபாடு.

ஒரு தாயின் விடாமுயற்சி

1934ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் தலைநகரான ஆஸ்லோவில், ஆஸ்பியார்ன் ஃபோலிங் என்னும் மருத்துவரிடம் ஒரு தாய் தம் இரு குழந்தைகளையும் அழைத்து வந்தார். பிறந்தபோது எவ்விதக் குறையுமின்றி இருந்த அக்குழந்தைகளின் அறிவு வளர்ச்சி நாளடைவில் தடைப்பட்டுப் போயிற்று. அவர்கள் உடலிலிருந்து ஒருவிதப் பூஞ்சை நாற்றம் வீசுவதாக அத்தாய் கூறிவந்தார். அவர் அணுகிய வைத்தியர்கள் பலரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஃபோலிங் மருத்துவர் மட்டுமன்றி ரசாயனமும் கற்றவராதலின், குழந்தைகளின் சிறுநீரில் பெரிக் குளோரைடு கரைசலைச் சில துளிகள் விட்டுப் பார்த்தார். நீரிழிவு முதலிய நோய்களில் இச்சோதனை செந்நிறச் சாயலைக் காட்டுவது வழக்கம். அன்று கண்ணாடிக் குழாயில் தோன்றியதோ கரும்பச்சை நிறம். உட்கொண்ட மருந்து ஏதேனும் காரணமாயிருக்கலாம் என்று கருதி, மருந்துகளை ஒரு வாரம் நிறுத்தச் செய்து மீண்டும் சோதித்தார். பச்சை நிறம் மாறவில்லை.

அந்நிறத்துக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுக்கப் பல லிட்டர் சிறுநீரும், பல வார உழைப்பும் வேண்டியிருந்தன. அது பீனைல் பைருவிக் அமிலம் என்பது இறுதியில் தெளிவாயிற்று. பின்னர் மனவளர்ச்சி குன்றியோர் விடுதிகளில் இருந்த 430 பேரை ஃபோலிங் சோதித்தார். அவர்களுள் மேலும் எண்மரிடம் அதே பச்சை நிறம் காணப்பட்டது. உடன்பிறந்தோரிடையே இக்குறைபாடு மீண்டும் மீண்டும் காணப்பட்டமையால், இது பாரம்பரியமாக வருவது என்று அவர் அனுமானித்தார். அதுவரை "மந்தபுத்தி" என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டு வந்த கூட்டத்திலிருந்து, திட்டமான ரசாயனக் காரணம் உடைய ஒரு பகுதி இவ்வாறு முதன்முறையாகத் தனியே பிரிக்கப்பட்டது. நாற்றத்தைப் பற்றி விடாது கூறிவந்த தாய்க்கும் இக்கண்டுபிடிப்பில் பங்குண்டு என்பதை மறத்தலாகாது.

நோபல் பரிசு பெற்ற அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக் அம்மையாரின் மகளுக்கும் இக்குறைபாடே இருந்தது. அப்பெண் பிறந்தது 1920இல். காரணம் இன்னதென்று தாய்க்குத் தெரியவந்தது பல்லாண்டுகள் கழிந்த பின்னரே. வளர்ச்சியுறாத மகளைப் பற்றி அவர் 1950இல் வெளியிட்ட சிறுநூல், அத்தகைய குழந்தைகளை வீட்டில் மறைத்து வைத்திருந்த பல பெற்றோருக்குத் துணிவளித்தது.

உடலில் நிகழ்வது யாது?

பால், முட்டை, இறைச்சி, பருப்பு முதலியவற்றிலுள்ள புரதம் செரிக்கும்போது பல அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. அவற்றுள் ஒன்று பீனைல் அலனின். உடலுக்கு இது இன்றியமையாதது. ஆயினும் தேவைக்கு மேற்பட்ட பகுதியைக் கல்லீரலிலுள்ள ஒரு நொதி டைரோசின் என்னும் வேறோர் அமினோ அமிலமாக மாற்றிவிடுகிறது. அந்நொதியை உண்டாக்கும் ஜீன் 12ஆவது குரோமோசோமில் அமைந்துள்ளது. தாயிடமிருந்து வந்த பிரதி, தந்தையிடமிருந்து வந்த பிரதி ஆகிய இரண்டும் பழுதுற்றிருந்தால் நொதி வேலை செய்வதில்லை. ஒரு பிரதி நன்றாயிருப்பினும் போதும். அவர் எவ்விதக் குறையுமின்றி வாழ்வார். ஆனால் பழுதுற்ற பிரதியை அவர் தம் மக்களுக்கு அளிக்கக்கூடும். அத்தகைய இருவர் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு இக்குறைபாடு வரும் வாய்ப்பு உண்டு.

வாய்க்கால் அடைபட்டால் நீர் மேலே தேங்கிப் புதுவழி தேடுவது போல, மாற்றப்படாத பீனைல் அலனின் இரத்தத்தில் தேங்குகிறது. சாதாரணமாக 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஒன்று அல்லது இரண்டு மில்லி கிராம் அளவே இருக்க வேண்டிய இப்பொருள், கடுமையான குறைபாட்டில் 20 மில்லி கிராமுக்கும் மேல் ஏறிவிடுகிறது. அதன் ஒரு பகுதி வேறு அமிலங்களாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. பச்சை நிறத்துக்கும் நாற்றத்துக்கும் காரணம் இவையே.

இதனால் மூளைக்கு விளையும் கேடு இருவகைப்பட்டது. இரத்தத்திலிருந்து மூளைக்குள் அமினோ அமிலங்கள் நுழைவதற்கு உள்ள வாயில்கள் குறுகலானவை. பல அமிலங்கள் ஒரே வாயிலுக்குப் போட்டியிடுகின்றன. பீனைல் அலனின் பெருங்கூட்டமாக வந்து வாயிலை அடைத்துக்கொள்வதால் டைரோசினும் டிரிப்டோபனும் உள்ளே செல்ல இடமின்றிப் போகின்றன. நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தியனுப்பப் பயன்படுத்தும் டோபமின், செரடோனின் ஆகியவை இவ்விரண்டிலிருந்தே உண்டாவதால், அவற்றின் உற்பத்தி குன்றுகிறது. மேலும், நரம்பிழைகளின் மேலுறையாகிய மையலின் சரிவர அமைவதில்லை. இதன் விளைவாக அறிவு வளர்ச்சி தடைப்படுதலும், வலிப்பும், ஓயாத அழுகையும், அடங்காத பரபரப்பும் தோன்றுகின்றன. தோலுக்கும் தலைமயிருக்கும் நிறமளிக்கும் மெலனினும் டைரோசினிலிருந்தே உண்டாவது. அதன் உற்பத்தியும் குன்றுவதால், இக்குழந்தைகள் உடன்பிறந்தோரைவிட வெளுத்திருப்பதுண்டு. கருநிறத் தலைமயிர் இயல்பாகவுள்ள குடும்பத்தில் ஒரு குழந்தை மட்டும் செம்பட்டையாயிருப்பின் அதையும் கவனித்தல் நன்று. ஊட்டக்குறைவாலும் மயிர் செம்பட்டையாகும் என்பதால், இதனை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது.

உணவே மருந்தான வரலாறு

ஜீனை மாற்ற இயலாதெனினும், அந்த ஜீன் செய்யத் தவறிய வேலையைத் தேவையற்றதாகச் செய்துவிடலாமே என்னும் எண்ணம் சிலருக்கு உதித்தது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் ஹார்ஸ்ட் பிக்கல் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும், பால் புரதத்தைச் சிதைத்துப் பெற்ற அமினோ அமிலக் கலவையைக் கரியின் ஊடே செலுத்திப் பீனைல் அலனினை நீக்கி, எஞ்சியதை உணவாக அளித்தனர். அதனை முதலில் உண்ட பெண் குழந்தைக்கு வயது இரண்டு. நிற்கவோ பேசவோ அறியாது, சூழ இருப்போரைக் கவனியாது, முனகுவதும் அழுவதும் தலையை மோதிக்கொள்வதுமாகவே அது பொழுதைக் கழித்தது. சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில் அக்குழந்தை தவழவும் நிற்கவும் நாற்காலியில் ஏறவும் கற்றது, மயிர் கறுத்தது, கண்கள் ஒளி பெற்றன, தலையை மோதிக்கொள்ளும் பழக்கம் நின்றது.

இம்மாற்றம் உணவால் விளைந்ததா, வயதால் விளைந்ததா என்ற ஐயம் எழுதல் இயல்பே. அதைத் தீர்ப்பதற்காக, தாய்க்கு அறிவிக்காமலே, உணவில் பீனைல் அலனின் மீண்டும் சேர்க்கப்பட்டது. சில நாட்களுக்குள் குழந்தை கற்றதனைத்தையும் இழந்து பழைய நிலைக்குத் திரும்பிற்று. சேர்த்ததை நீக்கியவுடன் மீண்டும் தேறியது. தாயின் சம்மதமின்றி நடந்த அச்சோதனையை இன்றைய மருத்துவ நெறி அனுமதியாது. 1953இல் வெளியிடப்பட்ட இம்முடிவு, பிறவியில் வந்த மூளைக் குறைபாடு ஒன்றை உணவு மாற்றத்தால் தடுக்க முடியும் என்பதை ஐயமற நிறுவியது.

எனினும் இரண்டு வயதில் தொடங்கிய சிகிச்சை முழுப் பயன் தரவில்லை. அதற்குள் மூளை அடைந்த கேடு நிலைத்துவிட்டது. பிறந்த சில நாட்களுக்குள் தொடங்கினாலன்றி முழுப் பயனில்லை. சில நாட்களே ஆன குழந்தையிடமோ வெளிக்குறி எதுவும் தென்படுவதில்லை. இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் கத்ரி. குழந்தையின் குதிகாலில் சிறு ஊசியால் குத்தி எடுத்த இரத்தத் துளியை வடிதாளில் உலர்த்தி, அத்தாளிலிருந்து சிறுவட்டம் வெட்டி, பாக்டீரியாக்கள் கலந்த கூழ்த்தகட்டின்மேல் வைப்பது அவர் முறை. பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு பொருள் அக்கூழில் முன்னரே சேர்க்கப்பட்டிருக்கும். இரத்தத்தில் பீனைல் அலனின் மிகுந்திருந்தால் அத்தடை முறிந்து, வட்டத்தைச் சுற்றிப் பாக்டீரியாக்கள் வெண்வளையமாக வளரும். வளையம் பெரிதாயின் அளவு மிகுதி. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. உலர்ந்த தாளைத் தபாலில் அனுப்பலாம். 1963இல் அமெரிக்காவின் மாஸச்சூஸெட்ஸ் மாநிலம் இதனைச் சட்டமாக்கியது. இன்று நுட்பமான நிறைமானிக் கருவிகள் பாக்டீரியாக்களின் இடத்தைப் பிடித்துவிட்டன எனினும், குதிகால் துளியும் வடிதாளும் மாறவில்லை.

ஐரோப்பாவில் ஏறக்குறைய 10,000 குழந்தைகளுக்கு ஒன்றே இக்குறைபாட்டுடன் பிறக்கிறது. துருக்கியில் மிகுதி, பின்லாந்தில் மிக அரிது. இந்தியாவிலும் ஐரோப்பாவைவிட அரிதென்றே கருதப்படுகிறது.

சட்டமும் கணக்கும்

இதே காலப்பகுதியில் சமூகம் வேறொரு வழியில் சென்றுகொண்டிருந்தது. மனவளர்ச்சிக் குறைவு, வறுமை, குற்றம் ஆகியவை அனைத்தும் இரத்தத்தில் வருவன. அவை உடையோர் மக்கட்பேறின்றித் தடுக்கப்பட்டால் இனம் தூய்மையாகும் என்பது அன்று கற்றோரிடையிலும் செல்வாக்குற்றிருந்த கொள்கை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. 1927இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அத்தகைய சட்டங்கள் செல்லுமென்று தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் 1933ஆம் ஆண்டு ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம் பின்னர் எத்தகைய கொடுமைகளுக்கு வழி திறந்தது என்பதை உலகம் அறியும்.

கொடுமை என்பதோடு நில்லாமல், இக்கொள்கை கணக்கிலும் பிழையானது என்பதை எடுத்துக்காட்டியவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் லயனல் பென்ரோஸ். அவர் கையாண்ட உதாரணமும் பீனைல்கீட்டோனூரியாவே. மேல்வகுப்பு ஆசிரியர்கள் இக்கணக்கை மாணவர்களிடம் செய்து காட்டலாம். 10,000 பேருக்கு ஒருவர் வீதம் குறைபாடு தோன்றுவதாகக் கொள்வோம். குறைபாட்டுக்கு இரு பிரதிகளும் பழுதுற வேண்டுமாதலால், பழுதுற்ற பிரதியின் விகிதம் அவ்வெண்ணின் வர்க்கமூலமாகிய நூற்றில் ஒன்று. அப்படியாயின் ஒரே ஒரு பழுதுற்ற பிரதியை உடையவர் ஏறக்குறைய ஐம்பதில் ஒருவர். அதாவது, குறைபாடுடைய ஒருவருக்கு, அந்த ஜீனை அறியாமலே சுமந்து நடமாடும் நல்லுடலினர் ஏறக்குறைய 200 பேர். குறைபாடுடையோரை மட்டும் தடுப்பதால் ஜீன் குறைவதில்லை. ஜீனை நீக்க வேண்டுமாயின் அறிவும் ஆற்றலும் உடைய இலட்சக்கணக்கானோரைத் தடுக்க வேண்டும். சட்டம் இயற்றியவர்களுள்ளும் சிலர் அதில் அடங்குவர்!

நெருங்கிய உறவில் மணம் செய்யும் வழக்கம் தென்னிந்தியாவில் நெடுங்காலமாக உண்டு. மேற்கூறிய விகிதமுள்ள ஒரு ஜீனை வைத்துக் கணக்கிட்டால், அத்தை மகள் மாமன் மகன் மணத்தில் பிறக்கும் குழந்தைக்கு அபாயம் 10,000இல் ஒன்றிலிருந்து ஏறக்குறைய 1,400இல் ஒன்றாகவும், தாய்மாமனை மணந்தால் ஏறக்குறைய 750இல் ஒன்றாகவும் உயர்கிறது. பெருக்கம் பெரிதாயினும், எஞ்சிய 749 பேருக்கு அக்குறைபாடு வருவதில்லை என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். முன்பே குறைபாடுடைய குழந்தை பிறந்த குடும்பங்களில் மருத்துவரைக் கலந்துகொள்ளுமாறு அறிவுறுத்துவதே ஊழியர்கள் செய்யத்தக்கது. அச்சுறுத்தல் பயன் தராது.

காங்ரா பள்ளத்தாக்கில் கண்டது

இனி இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம். இமயமலை அடிவாரப் பிரதேசங்களில் முன்கழுத்துக் கழலை தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. பாட்டிக்கும் தாய்க்கும் மகளுக்கும் கழுத்து வீங்கியிருக்கும். அதே குடும்பங்களில் செவிட்டூமைகளும், குள்ளர்களும், அறிவு வளர்ச்சி குன்றியோரும் பிறப்பர். குடும்பந்தோறும் தொடர்ந்து வரும் இதனைக் காணும் எவரும் பரம்பரைக் கோளாறு என்றே கருதுவர். உண்மையான குற்றவாளி அவர்களுடைய இரத்தத்தில் இல்லை, மண்ணில் இருந்தது.

பனியாறுகளும் பெருமழையும் மலைச்சரிவுகளிலுள்ள அயோடினைக் கழுவிச் சென்றுவிடுகின்றன. அம்மண்ணில் விளைந்த தானியத்திலும் காய்கறியிலும் அயோடின் இல்லை. தைராய்டு சுரப்பி உண்டாக்கும் தைராக்சின் அணுத்திரள் ஒவ்வொன்றுக்கும் நான்கு அயோடின் அணுக்கள் தேவை. அவை கிடைக்காதபோது, உள்ள சிறிதளவையும் பற்றிக்கொள்வதற்காகச் சுரப்பி பருக்கிறது, அதுவே கழலை. கழுத்து வீக்கம் கண்ணுக்குத் தெரியும் தீங்கு. கண்ணுக்குத் தெரியாத தீங்கு கருவிலுள்ள குழந்தைக்கு நேர்கிறது. கர்ப்பத்தின் முற்பகுதியில் கருவின் மூளை தாயின் தைராக்சினையே நம்பி வளர்கிறது. அது குறைந்தால் நரம்பணுக்கள் உரிய இடங்களுக்குச் சென்று இணைவதில்லை, செவிப்புலனும் கெடுகிறது. ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோ கிராம், கர்ப்பிணிகளுக்கு 250. ஓர் உப்புக் கல்லைவிடச் சிறிய இவ்வளவில் ஒரு குழந்தையின் அறிவு அடங்கியிருக்கிறது.

1956இல் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவரைச் சார்ந்த விஞ்ஞானிகளும், அப்போது பஞ்சாபில் சேர்ந்திருந்து 1966 முதல் இமாசலப் பிரதேசத்தில் அடங்கியுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். பள்ளத்தாக்கு மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. இரு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், மூன்றாவது பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. தொடக்கத்தில் மூன்றிலும் சுமார் ஐந்தில் இருவருக்குக் கழலை இருந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் சோதித்தபோது, அயோடின் உப்பு பெற்ற இரு பகுதிகளிலும் அவ்விகிதம் பாதியளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கியிருந்தது, மூன்றாவதில் மாற்றமில்லை. பின்னர் அப்பகுதிக்கும் அயோடின் உப்பு வழங்கப்படவே, அங்கும் கழலை குறைந்தது. அம்மக்களின் பரம்பரை மாறவில்லை, குலம் மாறவில்லை, மாறியது உப்பு ஒன்றே.

இதன் பயனாக 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தோன்றியது. மலைப்பிரதேசம் மட்டுமன்றிச் சமவெளிகளிலும் அயோடின் குறைவு உண்டு என்று பிற்கால ஆய்வுகள் காட்டியமையால், 1980களில் நாடு முழுமைக்கும் அயோடின் உப்பு என்னும் கொள்கை ஏற்கப்பட்டது. 1992இல் திட்டத்தின் பெயரும் அயோடின் குறைபாட்டு நோய்கள் அனைத்தையும் தழுவுமாறு மாற்றப்பட்டது. கழலையைவிட மூளை வளர்ச்சியே பெரிய பிரச்னை என்பது இதற்குள் உணரப்பட்டிருந்தது.

இவ்விரு குறைபாடுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு பொதுப் பிழை வெளிப்படும். பரம்பரையில் வருவது மாற்ற முடியாதது என்று பலரும் எண்ணுகின்றனர். பீனைல்கீட்டோனூரியா முற்றிலும் பரம்பரையில் வருவது, ஆயினும் உணவால் தடுக்கப்படுகிறது. குடும்பத்தில் தொடர்ந்து வருவதெல்லாம் பரம்பரை என்றும் எண்ணுகின்றனர்; காங்ராவில் தொடர்ந்து வந்தது பரம்பரையன்று. "அறிவில் இத்தனை பங்கு பரம்பரை, இத்தனை பங்கு சூழ்நிலை" என்று செய்தித்தாள்களில் வரும் எண்களையும் இந்நோக்குடனே படித்தல் வேண்டும். ஓர் ஊரில் எல்லோரும் ஒரே வகை உணவை உண்டால், பீனைல்கீட்டோனூரியா உடையோருக்கும் மற்றையோருக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் ஜீனால் வந்ததாகத் தோன்றும். அதே குறைபாடுடைய நூறு குழந்தைகளை மட்டும் ஓரிடத்தில் சேர்த்து, பாதிப்பேருக்குத் தனியுணவு அளித்தால், அவர்களிடையே உள்ள வேறுபாடு முழுவதும் உணவால் வந்ததாகத் தோன்றும். ஜீன் ஒன்றே; மாறிய எண் நாம் நோக்கிய கூட்டத்தைப் பற்றியது. தனி ஒரு குழந்தையின் எதிர்காலத்தைப் பற்றி அவ்வெண் ஒன்றும் கூறுவதில்லை.

குற்றத்தைப் பரம்பரையில் தேடியவர்கள்

1871இல் பிரிட்டிஷ் இந்திய அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். தச்சன் மகன் தச்சனாவது போலக் களவும் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது என்று கொண்டு, முழுச் சமூகங்களையே அச்சட்டம் பதிவேட்டில் ஏற்றியது. குற்றம் எதுவும் செய்யாதவரும் காவல் நிலையத்தில் கைரேகை வைத்து, கண்காணிப்பின் கீழ் வாழ வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்துக்கும் பின்னர் விரிவுபடுத்தப்பட்ட அச்சட்டம் அங்கு 1947இலும், நாடு முழுமைக்கும் 1952இலும் நீங்கியது. சீர்மரபினர் என்று இன்று அழைக்கப்படும் அச்சமூகங்களிலிருந்து ஆசிரியர்களும் அதிகாரிகளும் மருத்துவர்களும் தோன்றியுள்ளனர். ஜீன்கள் மாறுவதற்கு இரண்டு மூன்று தலைமுறை போதாது. பதிவேடு நீங்குவதற்கும் பள்ளிக்கூடம் திறப்பதற்கும் அது போதும்.

நடத்தையில் ஜீனுக்குப் பங்கே இல்லை என்பதும் தவறு. 1993இல் நெதர்லாந்து நாட்டுக் குடும்பம் ஒன்றில், சிறு தூண்டுதலுக்கும் கட்டுக்கடங்காச் சினம் கொள்ளும் ஆண்கள் சிலரிடம், மூளையின் செய்திப் பொருள்களைச் சிதைக்கும் ஒரு நொதியின் ஜீன் அடியோடு செயலற்றிருப்பது கண்டறியப்பட்டது. ஆனால் அத்தகைய குடும்பங்கள் உலகில் மிகமிகச் சிலவே. அந்த ஜீனின் சற்றுச் செயல் குறைந்த வேறொரு வகை, பல நாடுகளில் ஆண்களுள் மூன்றில் ஒரு பங்கினரிடமோ அதற்கு மேற்பட்டோரிடமோ உள்ளது. பத்திரிகைகள் அதற்குப் "போர்வீரன் ஜீன்" என்று பெயர் சூட்டி மகிழ்ந்தன. அவர்கள் எல்லோரும் முரடர்கள் அல்லர் என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. நியூசிலாந்தில் டுனெடின் நகரில் பிறந்த குழந்தைகளை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்தவர்கள், இவ்வகை ஜீன் உடையோருள் இளமையில் கொடுமைக்கு ஆளானவர்களிடமே வன்செயல் மிகுந்திருந்ததாக 2002இல் தெரிவித்தனர். பிற்கால ஆய்வுகள் சில இதனை ஒப்பின, சில ஒப்பவில்லை. கல்வித்தேர்ச்சி, மனநிலை முதலியவற்றில் ஆயிரக்கணக்கான ஜீன் வேறுபாடுகள் ஒவ்வொன்றும் கடுகளவே பங்கு கொள்கின்றன என்பதே இன்று வலுப்பெற்றுள்ள கருத்து.

வளர்ந்த பின்னரும் நீங்காத கவனம்

தொடக்ககாலச் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கு, ஆறு அல்லது எட்டு வயதானதும் தனியுணவை நிறுத்திவிடலாம் என்று மருத்துவர்கள் முன்பு கருதினர். மூளை அதற்குள் வளர்ந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். அவ்வாறு நிறுத்தியவர்களுள் பலரிடம் கவனம் சிதறுதலும், மனச்சோர்வும், பதற்றமும் தோன்றின. ஆதலால் வாழ்நாள் முழுதும் உணவுக் கட்டுப்பாடு வேண்டும் என்பதே இப்போதைய விதி. சிலருக்குப் பயன்படும் மருந்துகள் 2007இலும் 2018இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. எனினும் உணவுக் கட்டுப்பாடே இன்றும் அடிப்படைச் சிகிச்சையாக உள்ளது.

எதிர்பாராத மற்றொரு விளைவும் நேர்ந்தது. சிகிச்சையால் நல்லறிவுடன் வளர்ந்த பெண்கள், உணவுக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டு மணந்து தாய்மார்களாயினர். தாயின் இரத்தத்தில் மிகுந்திருந்த பீனைல் அலனின் கருவைத் தாக்கியதால், குழந்தைகள் சிறுத்த தலையுடனும் இதயக் கோளாறுடனும் பிறந்தன. அக்குழந்தைகளுள் பெரும்பாலானவற்றுக்குத் தந்தையிடமிருந்து வந்த நல்ல பிரதி ஒன்று இருந்தது. ஆதலால் அவற்றுக்குச் சொந்தமாக இக்குறைபாடு இல்லை. தாயின் ஜீன், குழந்தைக்குச் சூழ்நிலையாக அமைந்துவிட்டது. கருத்தரிப்பதற்கு முன்பே தாய் தனியுணவுக்குத் திரும்பினால் இத்தீங்கு பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது.

களப்பணியில் கவனிக்க வேண்டியவை

நம் நாட்டில் பீனைல்கீட்டோனூரியா அரிதாயினும், அதே குதிகால் துளியில் கண்டறியத்தக்க பிறவித் தைராய்டுக் குறைவு அவ்வளவு அரிதன்று. ஏறக்குறைய 1,000 குழந்தைகளுக்கு ஒன்று என்று மதிப்பிடப்படுகிறது. பிறந்த முதல் சில வாரங்களுக்குள் தைராக்சின் மாத்திரை கொடுக்கத் தொடங்கினால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். தாமதித்தால் இழந்த அறிவு திரும்புவதில்லை. நீடித்த மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், பால் குடிப்பதில் சோம்பல், கரகரத்த அழுகை, பருத்த நாக்கு, தொப்புள் பிதுக்கம் ஆகியவை இதன் குறிகள். "சாதுவான குழந்தை, அழுவதே இல்லை" என்று வீட்டார் பெருமையாகக் கூறும் குழந்தையையும் ஒருமுறை உற்றுநோக்குதல் நலம். பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் இச்சோதனை செய்யும் ஏற்பாடு நாடெங்கும் இன்னும் பரவவில்லை. வசதியுள்ள மருத்துவமனைகளில் கேட்டுச் செய்துகொள்ளுமாறு பெற்றோரிடம் கூறலாம்.

2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளோர் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பரிசோதிக்கப்படுகின்றனர். பரிசோதனைக் குழு வரும் நாளில், பாடத்தில் பின்தங்கிய குழந்தைகளை வெளியே அனுப்பிவிடாமல் அவர்களையே முதலில் காட்டுதல் ஆசிரியர் கடமை. காது கேளாமையும் பார்வைக் குறைவும் இரத்தசோகையும் மந்தபுத்தியாகத் தோற்றமளிப்பது சாதாரணமாக நிகழ்வது.

செயற்கை இனிப்புப் பொருளாகிய அஸ்பார்ட்டேம் சேர்ந்த உறைகளில், பீனைல்கீட்டோனூரியா உடையோருக்கு ஏற்றதன்று என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருப்பதைப் பலர் கண்டிருப்பர். அஸ்பார்ட்டேம் செரிக்கும்போது பீனைல் அலனின் வெளிப்படுவதே அதற்குக் காரணம். மற்றவர்களுக்கு அவ்வெச்சரிக்கை பொருந்துவதன்று.

அயோடின் உப்பைப் பொறுத்தவரை, வீட்டுக்கு வந்து சேரும்போது பத்து இலட்சத்தில் 15 பங்குக்குக் குறையாமல் அயோடின் இருத்தல் வேண்டும். ஈரமும் வெப்பமும் அதனைக் குறைக்கும். திறந்த சட்டியில் அடுப்பருகே வைப்பதும், கழுவிப் பயன்படுத்துவதும் கூடாது. மூடியுள்ள பாத்திரத்தில் உலர்ந்த இடத்தில் வைத்து, சமையல் முடியும் தறுவாயில் சேர்த்தல் நன்று. சுகாதார நிலையங்களில் கிடைக்கும் சோதனைக் கரைசலில் ஒரு துளியை உப்பின்மேல் விட்டால், அயோடின் இருப்பின் நீலநிறம் தோன்றும். மாணவர்களைத் தத்தம் வீட்டு உப்பில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவரச் செய்து வகுப்பிலேயே இச்சோதனையை நடத்தலாம். நிறம் தோன்றாத வீடுகள், உப்பு வாங்கிய கடை ஆகியவற்றைக் குறித்து வட்டாரச் சுகாதார ஆய்வாளருக்குத் தெரிவித்தால் அவர் மேல்நடவடிக்கை எடுப்பார்.